செல்வி கேட்ட சம்பளம்

சனிக்கிழமை, இரவு.

இன்று அலங்காநல்லூரில், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பணத்தைக் கையாளும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் கரகம் ஆடும் செல்விக்குத் திருவிழாக்காரர்களிடமிருந்து போன் வந்தது. எப்போதும் "பாத்துக் குடுங்கண்ணே" என்பவள், முதல்முறையாக, நான் சொல்லிக்கொடுத்தபடி, "பத்தாயிரம்ணே, பாதி அட்வான்ஸ்" என்றாள். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். விவரம் புரியாத அவளுடைய ஆறு வயது மகள், "அம்புட்டும் நமக்காம்மா?" என்று கைதட்டினாள்.

என் பேச்சைக் கேட்டு வேலையை இழந்துவிட்டாளே என்று வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை.

சற்றுமுன் செல்வியே அழைத்தாள்.

"அக்கா, திரும்பக் கூப்புட்டாக. ரெண்டாயிரம் கொறைக்கச் சொன்னாக."

"கொறச்சியா?"

"அப்ப ஒரு மணி நேரம் கொறச்சு ஆடுறேன்ணேன்னு சொன்னேன். வேணாம், முழுசா ஆடு, கேட்டதத் தாரோம்னுட்டாக!"

அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வகுப்பை அவளையே எடுக்கச் சொல்ல வேண்டும்.