கல்லை எங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டி

அனுப்புநர்:
அ. தனசிங்,
சரித்திர ஆசிரியர்,
செயலாளர், சாரோன் நகர் தொன்மைப் பாதுகாப்புக் குழு,
கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பொருள்: ஏரி மதகருகே உள்ள கல்வெட்டைப் பெயர்த்தெடுக்க நாங்களே கேட்டுப் பெற்ற அனுமதியை ரத்துசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நகரை ஒட்டிய ஏரியின் மதகோரம் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. அதை நகர் நூலக வாசலில் கம்பிவேலிக்குள் வைத்துக் காக்க வேண்டுமென்று சென்ற மாதம் மனு எழுதியவன் அடியேன்தான். ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லாரியும் சங்கிலியும் வருகின்றன.

2. காக்கும் வேலையை நாங்கள் முன்கூட்டியே தொடங்கியும் விட்டோம். ஊரார் தடவிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, எங்கள் சபையின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கும் முறைப்படி புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தோம். பிசுக்கு போயிற்று. கூடவே மேல்வரிகள் இரண்டும் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிள்ளையார் பிடித்துப் பழக்கமில்லாத எங்களுக்குக் குரங்கு நன்றாகவே வந்தது.

3. எஞ்சியதைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஸ்ரீநிவாசராகவன் படித்துச் சொன்னார். ஏரியைத் தூர்வார, இந்த மதகுக்குக் கிழக்கே உள்ள நிலத்தை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நூலக வாசலில் கல்லை நட்டால் அதற்குக் கிழக்கே இருப்பது சைக்கிள் ஸ்டாண்டு. இத்தருமத்தைக் கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் வெட்டியிருக்கிறது. நான் கிறிஸ்தவன், கங்கையைப் பார்த்ததுமில்லை. ஆயினும் நிலம் தந்தவர் பெயர் நாங்கள் தேய்த்த வரியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மிகவும் வெட்கமாக இருக்கிறது.

4. ஆண்டுதோறும் அக்கல்லுக்கு எண்ணெய் தடவி விளக்கேற்றிய பிறகே மதகைத் திறப்பது ஊர் வழக்கம். ஊராரை ஒரு வார்த்தை கேட்க எங்கள் குழுவில் எவருக்கும் தோன்றவில்லை. விளக்கேற்றும் கனகவல்லி என்பவர் எங்கள் கூட்டத்துக்கே வந்து, "இன்னா சார், எங்க கல்லு உங்க வூட்டாண்ட வந்து காப்பாத்துன்னு அழுதுகினு நின்னுச்சா?" என்று கேட்டார். தலைவர் பட்டாபிராமன் என்னைப் பார்த்தார். செயலாளர் என்ற முறையில் நான், "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

5. ஆகவே, கல் நின்ற இடத்திலேயே நிற்கவும், விளக்கும் எண்ணெயும் ஊரார் விருப்பப்படி நடக்கவும், எங்கள் குழு புளியோடு அதன் பக்கம் போகாதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். ரத்துசெய்ய விதியில் இடமில்லையெனில், தங்கள் அலுவலர் முன்னிலையில்தான் கல்லைப் பெயர்க்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த அனுமதியிலேயே இருக்கவே இருக்கிறது. எங்கள் வீட்டுமனைப் பட்டாவுக்காக அலுவலரை அனுப்புவதில் மூன்றாண்டுகளாகத் தாங்கள் காட்டிவரும் அதே நிதானத்தை, இதற்கும் காட்டியருளுமாறு மன்றாடுகிறேன்.

இடம்: கிழக்குத் தாம்பரம்
நாள்: 14.9.1972

கேட்டது கிடைத்துவிட்டதால் கலங்கி நிற்கும்,
அ. தனசிங்