மூன்று கிலோ குறைத்துச் சொன்ன மெஷின்

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் கணவனுக்கு எழுத ஆரம்பித்தாள்.

"சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட.

எடை மெஷினை மேஜை மேல எடுத்து வச்சிருக்கேன். ஊர்ல இருக்கிற கடைத் தராசையெல்லாம் ரிப்பேர் பண்றவர் வீட்டு மெஷின் மூணு கிலோ குறைச்சுக் காட்டுது. யார் கைவேலைன்னு நான் கேட்கல."

வீட்டு மெஷின் கணக்கில் அவள் எட்டு கிலோ இளைத்திருந்தாள். நேற்று டாக்டரம்மாவின் மெஷினில் ஏறியபோது அது ஐந்தாகிவிட்டது. எடை கூடியதில் ஹார்மோன் தடுமாறிக் கருமுட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை, அதனால்தான் மாதவிலக்கும் தள்ளிப் போகிறது, கொஞ்சம் இளைத்தாலே குழந்தைக்கு வழி பிறக்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன், "நீ அழக்கூடாதேன்னுதான் செஞ்சேன்," என்றான். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பேனாவை உதறிக்கொண்டு தொடர்ந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள மெஷினைச் சரி பண்ணி வைங்க. நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கும் டெஸ்ட் இருக்கு. கடையில வேலைன்னு சாக்கு சொல்லாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

"இன்னைக்குக் காலையில பீரியட்ஸ் வந்துடுச்சு. நாலு மாசம் கழிச்சு. அந்த அஞ்சு கிலோ பொய் இல்ல."