சிவப்புக் கூரைக்குச் செய்த அர்ச்சனை

பிள்ளையார் துணை

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மயூரிக்கு,

முழங்கால் நோவைத் தவிர நான் நல்ல சுகம், நீயும் சுகமெண்டு வெள்ளிக்கிழமை உன்ர வாயாலயே கேட்டிட்டன். எனக்கு உன்னோட கோவம், அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் எழுதுறன். எரிமலைக் குழம்பு ஐஸ்லாந்தில உங்கட ஊருக்குக் கிட்ட வருகுதெண்டு நியூஸில சொன்ன அண்டைக்கு, பக்கத்து வீட்டு அன்ரனெற் ஐபாட்டில லைவ் கமரா போட்டுத் தந்தா. பதினொரு நாள் பிள்ளை, காலமைத் தேத்தண்ணியும் மத்தியானச் சோறும் அதுக்கு முன்னாலதான். நெருப்பு ஓடிவருமெண்டு நினைச்சன், அது கஞ்சி வழியிற மாதிரி ஆடி அசைஞ்சு வருகுது. ஊரில சண்டை நடந்து ஷெல் அடிச்ச காலத்தில எங்களுக்கு மாத்து உடுப்பெடுக்கவே நேரமில்லை, இது நாள்கணக்கில அவகாசம் தருகுது, பிள்ளை வெளிக்கிட்டிருப்பாள் எண்டு ஒரு மனம், அவள் பிடிவாதக்காரி, இருப்பாள் எண்டு மற்ற மனம். போனில கேட்டால் ஒண்டுமில்லையம்மா, பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிடுவாய்.

குழம்புக்குக் கிட்ட ஒரு சிவப்புக் கூரை தெரிஞ்சுது. நீ வீடு வாங்கேக்க அனுப்பின படத்திலயும் சிவப்புக் கூரைதானே, உன்ர வீடெண்டே முடிவு கட்டிப்போட்டன். புதன்கிழமை அருள்நாயகம் அண்ணையின்ர காரில றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்குக் குடுத்தன். ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார், வீட்டுக்கு எண்டன், வீட்டுக்கு ஏதம்மா நட்சத்திரம் எண்டு சிரிச்சார். உன்ர பேரையும் பூச நட்சத்திரத்தையும் சொன்னன். வெள்ளி காலமை அந்தக் கூரை எரிஞ்சு விழுந்துது. நான் போட்ட சத்தத்துக்கு அன்ரனெற் குளிச்ச ஈரத்தலையில சுத்தின துவாயோட ஓடிவந்தா. பதினேழு தரம் உனக்கு அடிச்சன். பதினெட்டாம் தரம்தான் எடுத்து, "அம்மா, அது வேற ஆற்றையோ வீடு, என்ரை மேட்டுக்கு அங்கால, கமராவில தெரியாது. நான் வெளிக்கிட்டு ஒரு கிழமை" எண்டாய்.

இத்தனை நாளும் நான் ஆற்றையோ வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறன். அம்மா பயப்பிடுவா எண்டு சொல்லேல்லையாம். நான் பயந்தது காணாதே? சொல்லியிருந்தால் உன்னோட சேந்து பயந்திருப்பன். கொப்பா கண்ணை மூடினாப் பிறகு தனியப் பயப்பிடுறதுதான் பிள்ளை எனக்கு ஏலாமல் கிடக்கு. சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் புகையுக்க நிக்காதை, மாஸ்க் போடு, வீட்டு இன்சூரன்ஸ் கடதாசியளை ஒரு இடத்தில வை. அந்தச் சிவப்புக் கூரைக்காரர் ஆரெண்டு விசாரிச்சு எழுது, பேர் மட்டும் தெரிஞ்சால் காணும். நான் அவையின்ர வீட்டைப் பாத்துக்கொண்டு உன்ர பேரில கும்பிட்டனான், மனம் கேக்குதில்லை. அவையின்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யவேணும், நட்சத்திரம் இல்லாட்டியும் ஐயர் ஏதும் வழி பாப்பார்.

இப்பவும் காலமை எழும்பினால் கமராவைத்தான் போடுறன். அதில உன்ரை எண்டு ஒண்டும் இல்லை, நீ இப்ப இருக்கிற இடத்துக்குக் கமராவும் இல்லை. பிள்ளையார் உனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நிப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. நீ இப்ப எங்க தங்கியிருக்கிறாய் எண்டு அண்டைக்கு அவதியில கேக்க மறந்துபோனன், நீயும் சொல்லேல்லை. உறையில உன்ர பேரை மட்டும் எழுதி மேசையில வைச்சிருக்கிறன். நீ இருக்கிற விலாசத்தை அனுப்பு.

உன்ர அம்மா
மங்கையற்கரசி