அரை டம்ளர் காப்பியும் நல்ல ரிப்போர்ட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், நான் சொல்ல வேண்டியதை அவர் காதுபடச் சொல்ல முடியாது. அதனால் கடையில் மதிய இடைவேளையில் தையல் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு எடுத்த இதய ஸ்கேன் பற்றித்தான் எழுதுகிறேன். குழாய் மாதிரி இருக்கிற எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வைத்து, கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி, மாடி ஏறாமலே மாடி ஏறின மாதிரி இதயத்தைப் பாடுபடுத்தி, அந்த நேரத்தில் ரத்தம் எல்லாப் பக்கமும் ஒழுங்காகப் போகிறதா என்று படம் எடுப்பார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். முதல் நாளிலிருந்து காப்பி, டீ, சாக்லேட் எதையும் தொடக் கூடாது, தொட்டால் மருந்து வேலை செய்யாது என்று மூன்று தடவை போன் பண்ணினாய். உங்களுக்குப் புரிஞ்சுதாம்மா, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டாய். நானும் ஒப்பித்தேன். அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட நான்தான் அன்று காலை அப்பாவுக்கு அரை டம்ளர் காப்பி கொடுத்தேன்.

உனக்குச் சொன்னால் புரியாது, நீ பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிக்கிற மனிதர். முதல் நாள் மத்தியானமே தலை பிளக்கிறது என்று துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மறுநாள் எழுந்து வந்து சமையலறையில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். எனக்குக் கலந்ததில் பாதியை அவருக்கு ஊற்றினேன், அரை டம்ளரில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், காப்பி டீ ஏதாவது குடிச்சீங்களாய்யா என்று. இல்லவே இல்லைங்க என்றார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். இன்னைக்கு விட்டா அடுத்த தேதிக்கு ரெண்டு மாசம் ஆகும் என்று எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் அவள் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது. மருந்து ஏறும்போது நெஞ்சை அமுக்கும், முகமெல்லாம் சுடும், பயப்படாதே என்று இதே ஸ்கேன் எடுத்துக்கொண்ட உன் பெரியப்பா முன்னமே சொல்லிவைத்திருந்தார். உன் அப்பாவுக்கு அமுக்கவும் இல்லை, சுடவும் இல்லை. ஆனால் உள்ளே மைக்கில் நெஞ்சு இறுக்கமா இருக்காய்யா என்று கேட்டதும், ஆமாங்க, ரொம்ப இருக்குங்க என்றாராம். நாற்பது வருஷம் கிடங்கில் மேலாளர் எதைக் கேட்டாலும் ஆமாங்க சொல்லிப் பழகிய வாய். குழாய்க்குள் கிடந்த பயத்தில் நாடியும் எகிறியிருக்கும், அவர்களும் மருந்துதான் வேலை செய்கிறது என்று நினைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைப் பெரிய சாமர்த்தியம் மாதிரி என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ரிப்போர்ட் நன்றாக வந்தது. மருந்து வேலை செய்யாமல் இதயம் சும்மா கிடந்தால் நன்றாக வராமல் என்ன செய்யும்? நாலரை மணிக்கு உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து மணிக்கு நீ கூப்பிட்டாய். அப்பாடா, நல்லவேளைம்மா, ஊருக்கு வர்றதுக்குப் போட்டிருந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன், அடுத்த வருஷம் நிதானமா வர்றோம் என்றாய். அந்த அப்பாடா இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அரை மணி நேரம்கூட உனக்குத் தேவைப்படவில்லை. அப்போதே காப்பி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், மூன்று வருஷத்துக்கு முன் முட்டிவலியில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொல்லி உன்னை வரவழைத்தேன், நீ வந்து இறங்கியபோது நான் கீழே தெருவில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. இனிமே நீங்க சாகக் கிடக்கிறேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை. ரிப்போர்ட் பொய் என்று சொன்னால் டிக்கெட்டுக்காகச் சொல்கிறேன் என்பாய் என்று மென்று முழுங்கிவிட்டேன். அப்படி வீம்பு பிடித்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை என் மனதில் போட்டவன் நீ.

போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஓடவில்லை. காய்கறிப் பையோடு படியேறி வந்தவர் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துச் சட்டையெல்லாம் வேர்வை. நான் இறங்கி ஓடினேன். வாயுதான், ரிப்போர்ட்தான் நல்லா வந்திருக்கே என்று சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த தாளை எடுத்து நீட்டுகிறார். யாரிடம்? என்னிடம். அது எப்படி வந்த ரிப்போர்ட் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் அதே நர்ஸைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அப்போ இந்த ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதும்மா என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். படம் சரியில்லை, திரும்ப எடுக்க வேண்டுமாம் என்றுதான் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவையும் நம்பாவிட்டால் கடிதத்தின் பின்பக்கத்தில் அந்த நர்ஸின் நம்பர் இருக்கிறது, கேட்டுக்கொள். நீ கேட்பாய் என்று தெரிந்துதான் வாங்கி வந்தேன்.

நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், மனதாரத்தான் சொல்கிறேன். பதினேழாம் தேதி காலையிலிருந்து மறுநாள் ஸ்கேன் முடியும்வரை அப்பாவோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது. அவர் முகம் வாடினால் என் கை தன்னால் ஊற்றிவிடும். நாற்பத்தோரு வருஷத்தில் இந்த மனிதருக்கு இல்லை என்று சொல்ல நான் கற்றுக்கொள்ளவில்லை. உனக்கு அது நன்றாக வரும். அதற்காகத்தான் உன்னை வரச் சொல்கிறேன்.

லீவு கிடைத்தது, வந்தேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா