தயிர் ரோஸாகத் தெரிந்த அன்று

என் செல்ல ஜெரினா,

லேப்பில் உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. இந்த மல்லிகாவுக்குக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லட்டுமே! பதறாமல் கேள், உன் மகள் ஷிஃபாவைப் பற்றிய சேதி.

போன வாரம் நம் குடியிருப்பு பிளாக் மைதானத்தில் கோ-கோ ஆடி விழுந்தாள். முட்டி வீங்கி, காய்ச்சல். அவள் அத்தா நிலக்கரி மைன்ஸிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தார். டாக்டர் முட்டிக்குள்ளிருந்து எடுத்த சீழ் என்னிடம்தான் வந்தது.

"கிருமிய வளத்துப் பாக்குற கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு நாளாகும்மா. சாயம் போட்டா கிருமி ஊதாவா ரோஸான்னு இப்பவே பாத்துச் சொல்லுங்க, அதுக்கேத்த மருந்து போடணும். லேட்டானா முட்டியே போயிடும்" என்றார் டாக்டர்.

சீழை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவினேன். உன் வழக்கப்படி, இன்னொரு தகட்டில் என் டிபன் பாக்ஸ் தயிரையும் துளி தடவினேன். தயிர்க் கிருமி எப்போதும் ஊதாதான், அது நிறம் மாறினால் நம் கைவேலையில்தான் கோளாறு என்பாயே. உன்னைத் 'தயிர்சாதக்காரி' என்று எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட் கழுவல், கடைசியில் ரோஸ் சாயம். உன் பிள்ளையின் சீழ் என்பதால் அவசர அவசரமாகச் செய்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சீழ்க் கிருமி ரோஸ். தயிரும் ரோஸ்! ஸ்பிரிட்டை அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறேன். அதில் ஊதா எல்லாம் கழுவிப் போய்விட்டது.

"என்னம்மா, ரோஸா?" என்று டாக்டர் போனில் பறந்தார்.

"இல்ல சார், நான் போட்டது தப்பு. கொஞ்சம் டைம் குடுங்க."

மறுபடி போட்டேன். தயிர் ஊதா. சீழில் கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். உடனே சொன்னேன், சரியான மருந்து அன்றைக்கே ஏறியது. அப்புறம்தான் வாய்விட்டு அழுதேன். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயோ, கூட அழுதிருப்பாயோ?

நேற்று காய்ச்சல் விட்டது. முட்டியை மடக்குகிறாள், இட்லி வேண்டாம் பிரியாணிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். வார்டு நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க இவளுக்கு யாருங்க?" என்றார். அம்மாவோட ஃபிரெண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஷிஃபா படுத்தபடியே சொன்னாள், "எங்க சின்னம்மாங்க."

இதுவரை என்னை ஆன்ட்டி என்று மட்டுமே கூப்பிட்டவள்.

அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் தங்கை,
மல்லிகா