ஏணி காரணமில்லை

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் புடவை பாதி நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்றாவது கரு கலைந்த பிறகு நானும் இவரும் கொடுத்த ரத்தத்தின் சோதனை முடிவு வந்துவிட்டதாம். நேரில் வரச் சொன்னார்கள். புதன்கிழமை. எடுத்துப் போக: ஆதார், பழைய ஸ்கேன் எல்லாம், குடை.

எங்கள் அறை மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. அத்தை இன்றும் அந்தப் பேச்சைத்தான் எடுத்தார். "ஏணியில ஏறாத, ஏறாதன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா?" எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. இரண்டாவது கரு இருந்தபோது தண்ணீர்க் குடத்தோடு ஏறினேன். மறுநாள்தான் கலைந்தது.

ஜூலை 9, புதன்
மழை விட்டது. பஸ்ஸில் உட்கார இடம்.

டாக்டரம்மா மராத்திக்காரர். இந்தியில் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோளாறு இல்லை. இவருடைய குரோமோசோம்களில் இரண்டில், ஒன்றின் துண்டு மற்றதிலும் மற்றதன் துண்டு இதிலுமாக இடம் மாறியிருக்கிறது. மொத்தத்தில் எதுவும் குறையவில்லை, அதனால் இவருக்கு நோய் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் போகும்போது சில சமயம் ஒரு துண்டு கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். அந்தக் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

ஏணியைக் கேட்டேன். குடம், பஸ், பப்பாளி, எல்லாமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நீ செய்த எதுவும் காரணமில்லை என்றார்.

இவர் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பசை வாடையாலா என்று கேட்டார். அதுவும் இல்லை. பிறவியிலேயே இருப்பது.

இனிமேல் பிறக்குமா? பிறக்கலாம். இப்படி இருக்கும் பலருக்குத் தானாகவே நல்ல குழந்தை பிறந்திருக்கிறதாம். வேண்டுமானால் கருவை உடலுக்கு வெளியே உருவாக்கி, சோதித்துப் பார்த்துக் கருப்பையில் வைக்கிற வழியும் உண்டு. அவசரமில்லை, யோசியுங்கள் என்றார். கடைசியாக, இவர் குடும்பத்தில் யாருக்காவது கரு கலைந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் இவர்.

வெளியே வந்ததும் எனக்கு அப்படி ஒரு பசி. தெருக்கடையில் வடாபாவ் வாங்கித் தின்றேன். இவர் தொடவில்லை. என் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்கப் பெரும்பாடு.

பஸ்ஸில் இவர், சன்னலைப் பார்த்தபடி: "ஒன்ன எல்லாரும் பேசும்போது நான் சும்மாத்தான இருந்தேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

ஜூலை 10, வியாழன்
வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. ஊரெல்லாம் காய்ச்சல். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

நன்றாகத் தூங்கியிருக்கிறேன். எத்தனை நாளாயிற்று.

அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றேன். மகனுக்குக் கோளாறு என்றால் தாங்க மாட்டார். இவர் கேட்பதாக இல்லை. தானே சொல்வாராம்.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். ஒரு வாரத்துத் துணி காய்ந்தது. கோழிக்குழம்பு, உப்பு சற்று தூக்கல்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர் ஆரம்பித்தார். "யம்மா, கோளாறு எங்கிட்டதான். செல்விகிட்ட ஒண்ணும் இல்ல. இனி அவள ஒரு வார்த்த சொல்லக் கூடாது." பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் சொன்னார். நம் குடும்பத்தில் யாருக்கும் கரு கலைந்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்ததையும்.

அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை வரும் என்றுதான் நினைத்தேன்.

அத்தை எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம்: "எனக்கு உண்டு. ஒனக்கு முன்ன ரெண்டு. ஒங்க அப்பாவுக்கும் என் மாமியாருக்குந்தான் தெரியும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "கொழாயடியில இருந்து தண்ணி செமந்ததாலதான்னு என் மாமியா சொன்னா. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன், இன்னைக்கி வரைக்கும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு இதே இடமாற்றம் இருந்திருக்கலாம், அல்லது காலமான மாமாவுக்கு இருந்திருக்கலாம், எதுவானாலும் தண்ணீர் சுமந்ததால் இல்லை என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்
மறுபடியும் மழை. இடைவேளையில் டாக்டரம்மாவுக்குப் போன். அத்தையும் விரும்பினால் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அத்தைக்குச் சம்மதம். எந்தப் புடவை கட்ட என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.