விடுவிக்கப்பட்டு

ஜூலை 8, செவ்வாய்

இன்று முதல் எனக்குப் புதிய அறை. விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த அறை. இன்னும் பழைய காகித வாசனை போகவில்லை. ஒரு தொலைபேசி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள்: 'மாணவர் தக்கவைப்புப் பிரிவு'. தக்கவைக்க இவர்கள் என்ன காய்கறியா?

நூறு பேர் சேர்ந்தால் ஐம்பத்தொரு பேர்தான் பட்டத்தோடு வெளியே போகிறார்கள். துணைவேந்தருக்கு அது அறுபதாக வேண்டுமாம். அந்த வேலையை என் தலையில் கட்டியவன் பதிவாளர். எனக்குக் கீழே ஆறு வருடம் இருந்தவன். கோப்பில் குறிப்பு எழுத அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். என்னைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த நோட்டில் அவன் பெயர் முந்திரிக்கொட்டை.

அதை எதிர்த்து நான் போட்ட பணிமூப்பு மனு நாலு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாக ஆகஸ்ட் 28 விசாரணை. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணியைத் தினமும் அரை நாளுக்கு அனுப்புகிறார்கள். எதையும் முழு எண்ணாகச் சொல்ல மாட்டார். "முப்பத்தேழு புள்ளி நாலு சார்." புள்ளி மேடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலாம் ஆண்டு முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்யாதவர்கள் பட்டியல் கொடுத்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டு, கட்டத்தில் டிக் போட வேண்டும். குடும்பம், உடல்நலம், வேலை, வேறு கல்லூரி, மற்றவை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை!

இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் எடுக்கவில்லை. ஒருவன் நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துத் திட்டினான். ஆனால் நாலு பேர், ஒருவரையொருவர் தெரியாத நாலு பேர், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?"

யார் சொன்னது? 'மற்றவை'யில் டிக் போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று இன்னும் ஏழு பேர். எப்போது சொன்னோம் என்று கேட்டால், "லெட்டர் வந்துச்சே சார்" என்கிறார்கள்.

முதலாம் ஆண்டில் யாரையும் நீக்க விதியே கிடையாது. விதிப் புத்தகத்தில் பாதி நான் எழுதியது, எனக்குத் தெரியாதா? பொய் சொல்கிறார்களா? பதினோரு பேர் சேர்ந்து ஒரே பொய்யையா? படிக்கப் பிடிக்காமல் போனவன் ஏன் என் மேல் பழி போட வேண்டும்? ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

புள்ளி மேடம் ஒரு தாளை என் முன் வைத்தார். இரண்டு பாடமோ அதற்கு மேலோ தவறியவர்களுக்குக் கல்விக் கண்காணிப்புக் கடிதம் அனுப்புகிறோம். 'படிப்பைத் தொடரலாம், ஆனால் ஒரு பருவம் பாடங்களைக் குறைத்துக்கொண்டு, ஆலோசகரைப் பார்த்துவிட்டு' என்பது அதன் சாரம். கடிதம் கிடைத்தவர்கள் 134. அதில் 61 பேர் வரவில்லை. முகவரி தவறி, கடிதம் திரும்பி வந்துவிட்டவர்கள் 18. அதில் 16 பேர் இப்போது வகுப்பில் இருக்கிறார்கள்.

"அதே மார்க் சார். லெட்டர் கிடைக்காதவங்க தங்கிட்டாங்க."

தற்செயல் என்றேன்.

"எண்பத்தெட்டு புள்ளி ஒன்பது பர்சன்ட் தற்செயலா?" என்று சிரித்தார். "அப்போ எல்லா லெட்டரையும் தப்பான அட்ரஸுக்கே போட்டுடலாம் சார். துணைவேந்தர் கேட்ட அறுபது தானா வந்துடும்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது.

ஜூலை 16, புதன்

நான்தான். பதினோரு வருடங்களுக்கு முன்பு, துணைப் பதிவாளராக இருந்தபோது எழுதினேன்.

"தாங்கள் முழுநிலை மாணவர் என்னும் தகுதியினின்றும் விடுவிக்கப்பட்டு, கல்விக் கண்காணிப்பின்கீழ் வைக்கப்படுகிறீர்கள்." இது முன்பக்கம். பின்பக்கம், கடைசிப் பத்தி: "தாங்கள் கல்வியைத் தொடர்வதற்குத் தடையேதும் இல்லை."

இதில் என்ன குறை? 'நீக்கப்பட்டு' என்றுதான் முதலில் எழுதினேன். பிள்ளைகள் மனம் நோகும் என்று 'விடுவிக்கப்பட்டு' என்று மாற்றினேன். அப்போதைய துணைவேந்தர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துப் பாராட்டினார். முந்திரிக்கொட்டை மட்டும், "முதல் வரியிலயே நீங்க தொடர்ந்து படிக்கலாம்னு போட்டுடலாமே சார்" என்றான். இது பல்கலைக்கழகக் கடிதமா, ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் பேச்சா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

பட்டியலில் ஒரு பெண், பார்சல் அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தாள். அலுவலகம் முடிந்து நேரில் போனேன். ஏன் போனேன்? அவள் சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான்.

ஒட்டுநாடா கிழியும் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். 'விடுவிக்கப்பட்டு' என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடு.

"அப்பா போட்டது சார். பஸ் டிரைவர். டிப்போவுல ஒருத்தரை விடுவிச்சிட்டாங்கன்னா வேலை போச்சுன்னு அர்த்தமாம். மறுநாள் யூனிஃபார்மைத் திருப்பிக் குடுக்கணும். 'விடுவிச்சப்புறம் பேச என்னம்மா இருக்கு'ன்னுட்டாரு. நானும் வந்து ஐடி கார்டைக் குடுத்துட்டேன்."

"கவுன்ட்டர்ல யாரும் எதுவும் கேக்கலையா?"

"கேட்டாங்களே. பேனா இருக்கான்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட."

நீ இன்னும் எங்கள் மாணவிதான் என்றேன். "அப்போ இது என்ன சார்?" என்று கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதை எழுதினவருக்குத் தெரியுமா சார், இதையெல்லாம் எங்க வீட்டுல உக்காந்து படிப்போம்னு?"

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நின்றேன். "பார்சல் ஏதாவது இருந்தா குடுங்க, இல்லன்னா கொஞ்சம் தள்ளிக்கோங்க சார். பின்னாடி லைன் நிக்குது."

விசாரிக்கிறேனாம். வேறு யாரைப் போய் விசாரிப்பது?

ஜூலை 19, சனி

யாருடையது என்று சொல்லாமல் மனைவியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மருத்துவமனை வார்டில் பொறுப்பில் இருப்பவள். நாள் முழுக்க எதையாவது படித்து யாருக்காவது விளக்குகிறவள்.

"யாருங்க பாவம், டிஸ்மிஸ் ஆனது?"

"டிஸ்மிஸ் இல்ல. நல்லாப் படி. பின்னாடி திருப்பு."

"முன்னாடியே போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டா, பின்னாடி எவன் திருப்புவான்? யாரு எழுதினது? ரொம்பப் படிச்ச மனுஷன் போல."

கடிதத்தை வாங்கி மடித்தேன். என் முகத்தைப் பார்த்தாள். "ஓ" என்றாள். பிறகு, "கோவமே இல்லாதப்பவும் நீங்க பேசுறது அப்படித்தான் கேக்கும். எனக்கு இத்தனை வருஷத்துல பழகிருச்சு. அதுங்களுக்கு எப்படிங்க பழகும்?"

ஜூலை 20, ஞாயிறு

'தடையேதும் இல்லை'. இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வது?

ஜூலை 21, திங்கள்

முந்திரிக்கொட்டையின் அறை. இன்னும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். ஒவ்வொரு சாரும் குத்துகிறது.

பதிவு ஜூன் மாதமே முடிந்துவிட்டது. ஆனால் அலுவலகப் பிழை என்றால் இந்த வெள்ளிக்கிழமை வரை சேர்த்துக்கொள்ளலாம், அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம்: 'பிழைக்குப் பொறுப்பான அலுவலர்'.

"அங்க யார் பேரை எழுதுறது?"

"டிராஃப்ட் பண்ணவர் பேரு சார்."

வாய் வரை வந்த 'நீ'யை விழுங்கினேன். "நாலு வருஷமா கையெழுத்துப் போட்டு அனுப்பினது நீங்க."

"கையெழுத்து என்னுது. எழுத்து உங்களுது. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க ஹியரிங் முடியட்டும் சார். இப்போ நீங்களே எழுதிக் குடுத்தா அந்த மனு என்னாகும்னு உங்களுக்கே தெரியும். லெட்டரை அடுத்த வருஷம் மாத்திக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிரட்டினானா, அக்கறையா? மிரட்டல் என்றால் கோபப்படலாம். அக்கறை என்றால் நான் என்ன செய்வது? அடுத்த வருடம் என்றால், இந்த 61 பேர்?

ஜூலை 22, செவ்வாய்

பதினோரு வருடம். வருடத்துக்கு அறுபது பேர் என்று வைத்தாலும் – வேண்டாம். பெருக்கவில்லை.

ஜூலை 23, புதன்

காலையில் முதல் படிவத்தை எடுத்தேன். பார்சல் அலுவலகப் பெண்ணுடையது. அந்தக் கட்டம் வரும்வரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து சன்னலைத் திறந்தேன். மூடினேன். புள்ளி மேடம் கணினியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரை எழுதினேன். எழுதியது நான்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

"சார், அது உங்க பேரு" என்றார் மேடம்.

"தெரியும். மீதி ஃபாரத்தை எடுங்க."

பகலில் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பேசினேன். "இப்போ சேத்துக்கிட்டு, மறுபடி விடுவிக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" அப்படி நடக்காது என்றேன். "வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல குடுங்க சார்."

என் எழுத்தை இன்னும் நம்புகிற மனிதர்! வெள்ளைத்தாளில் இரண்டே வரி எழுதினேன். "உங்கள் மகள் எங்கள் மாணவி. படிப்பைத் தொடரலாம்." அதை எழுத அரை மணி நேரம் ஆனது.

ஜூலை 25, வெள்ளி

61 பேரில் 37 பேர் வந்து சேர்ந்தார்கள். சிலர் கடைசிவரை தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒருவன், "இங்க நிம்மதியா இருக்கேன் சார், விட்டுடுங்க" என்றான். அவன் கடிதம் வராவிட்டாலும் போயிருப்பானோ? யாருக்குத் தெரியும்?

முந்திரிக்கொட்டை ஒவ்வொன்றாக முத்திரை குத்தினான். கடைசிப் படிவத்தில்தான் வாயைத் திறந்தான். "முப்பத்தேழு தடவை பேரை எழுதணுமா சார்? ஒண்ணுல எழுதிட்டு மத்ததுல 'மேற்படி'ன்னு போட்டிருக்கலாமே."

"அது எத்தனை பேருக்குப் புரியும்?" என்றேன். நான் சொன்னதுதான். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அவனுக்கும்.

ஆனால் ஒன்று. எல்லாப் படிவத்திலும் என் பெயருக்குக் கீழே, கடிதத்தில் கையெழுத்திட்டவர் என்று அவன் பெயரும் இருக்கிறது. அதைப் பார்த்தபோது உள்ளே ஒரு சந்தோஷம். அப்படியென்றால் நான் செய்தது என்ன? நல்லதா, பழிவாங்கலா? இரண்டும் சேர்ந்து வருமா? மனைவியிடம் கேட்டேன். "சாப்பிட வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மனு தள்ளுபடி. "மனுதாரர் தமது பணியில் நேர்ந்த பிழையைத் தாமே முப்பத்தேழு முறை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்."

நல்ல வாக்கியம். ஒரு சொல் கூட மிகையில்லை. முந்திரிக்கொட்டைதான் எழுதிக் கொடுத்திருப்பான். கற்றுக்கொடுத்தவனுக்குத் தெரியாதா?

நாலு வருடக் கோபம் – இன்று அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடையில் பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போய், கடையே இல்லாததுபோல்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதுக் கடிதத்தையும் நானேதான் எழுத வேண்டுமாம். ஒன்பதாவது வரைவு. இதுவும் நீளம் என்று மனைவி அடித்துவிட்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் வரி: "நீங்கள் தொடர்ந்து படிக்கலாம்." அவன் சொன்னதேதான். அவனிடம் கொடுத்தபோது அவனும் காட்டிக்கொள்ளவில்லை, நானும்தான்.

டிசம்பர் 16, செவ்வாய்

பருவத் தேர்வு முடிவுகள் வந்து நாலு நாள். என் அறைக்கு வந்து பார்க்கச் சொல்லும் புதுக் கடிதங்கள் வெள்ளிக்கிழமையே போய்விட்டன. பட்டியலில் பார்சல் அலுவலகப் பெண்ணின் பெயரும் இருந்தது. மறுபடியும் இரண்டு பாடம் போய்விட்டது. இரண்டு வரி எழுதிக் கொடுத்தேனே அவள் அப்பாவுக்கு! இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். திங்கள் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

இன்று பத்து மணிக்கு அறை வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், இதுல ரூம் நம்பர் தப்பா இருக்கு. ரெண்டு மாடி ஏறி இறங்கிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். தப்புதான். 104 என்பதை 304 என்று அடித்திருக்கிறேன்.

"சரி, அதை விடுங்க. ரெண்டுல போச்சு. அடுத்து நான் என்ன பண்ணணும்?"

உட்காரச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் இன்னும் ஆறேழு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், கையில் கடிதத்தோடு, என்னைத் திட்டிக்கொண்டே.